உனக்கு என்ன கலர் பிடிக்கும், சித்தி?

என் கூட்டுக் களவாணி சுமதி சித்திக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். உன் ரூமுக்கு பெயிண்ட் அடித்தாகிவிட்டது. அதற்குள் இந்த வீட்டில் நடந்ததையெல்லாம் சொல்ல எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

'உன் ரூம்' என்று நான் எழுதுவதைப் பார்த்தால் நீ ஒரு புருவத்தை மட்டும் தூக்குவாய். நீ இருந்தவரை அதற்கு அந்தப் பெயர் கிடையாதே. பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் அப்பா இந்த வீட்டை வாங்கியபோது மூன்று படுக்கையறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று கெஸ்டுக்கு. அந்த கெஸ்ட் ரூமில்தான் நீ ஒன்பது வருஷம் இருந்தாய். கல்யாணம் சரிப்படாமல், கோர்ட்டு கச்சேரியெல்லாம் முடிந்து, "ரெண்டு வாரம் அக்கா வீட்டுல இருந்துட்டுப் போறேன்" என்று வந்தவள். உன் காலண்டரில் வாரத்துக்கு எத்தனை நாள் என்று நான் கேட்டபோதெல்லாம், "லீப் வாரம்டி" என்பாய்.

போனில் யாராவது சுமதி எங்கே என்று கேட்டால், "கெஸ்ட் ரூம்ல இருக்கா" என்பாள் அம்மா. சேலத்திலிருந்து மாமா குடும்பம் வந்தால் நீ தலையணையை இடுக்கிக்கொண்டு என் ரூமுக்கு வந்துவிடுவாய். யாரும் உன்னைப் போகச் சொன்னதில்லை. யாரும் இருக்கச் சொன்னதும் இல்லை. ஒரு மே மாதம் அந்தக் கதவில் 'செக்-அவுட் நேரம்: பகல் 12 மணி' என்று எழுதி ஒட்டினோமே, ஞாபகம் இருக்கா? மாமா சிரித்தார். அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். எழுதியது நான், யோசனை உன்னுடையது. நீ பின்னால் நின்றுகொண்டு, "இந்தக் காலத்துப் பசங்க இருக்காங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டாய். துரோகி.

போன மாசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. உன் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மழை வருகிற மாதிரி இருந்தது. அம்மா என்னிடம், "சித்தி ரூம் ஜன்னலைச் சாத்திட்டு வா" என்றாள்.

யாரும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை சித்தி. அப்பாவும் இப்போது அப்படித்தான் சொல்கிறார். வீட்டு வேலைக்கு வரும் செல்வி அக்காவும் அப்படித்தான். ஒருத்தி தன் ரூமுக்குச் சொந்தக்காரி ஆவதற்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா?

சரி, பெயிண்ட் கதைக்கு வருகிறேன். மாமா பெண் திவ்யா அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. புதுப் பொண்ணு மாப்பிள்ளை என்றால் சொந்தக்காரர்கள் வீடு வீடாக விருந்துக்குப் போகவேண்டுமே. நம் வீட்டுக்கும் வருவதாக ஏற்பாடு. வந்தால் ஒரு ராத்திரியாவது தங்கவேண்டும். தங்குவதற்கு இருப்பது உன் ரூம்தான். சுவரெல்லாம் அதே பழைய கிரீம் கலர். இந்த வீட்டில் பன்னுக்குள்ளேயும் கிரீம், சுவரிலும் கிரீம் என்று நீ சொல்வாயே, அதேதான். பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அதுவரை எல்லாம் சரிதான்.

அப்புறம்தான் திவ்யா அக்காவின் அம்மா, சேலம் அத்தையிடமிருந்து அம்மாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அம்மா கைவேலையாக இருந்ததால், "போட்டு விடுடி" என்றாள். நான்தான் போட்டேன்.

"வசந்தி, சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காத. ரூமுக்கு பெயிண்ட் அடிக்கிறீங்களாமே, சந்தோஷம். அப்படியே கட்டிலையும் மாத்திடு. புதுசா கல்யாணம் ஆனதுங்க. சுமதி கட்டில் வேணாம். பாவம் அவளைக் குறை சொல்லல நான். ஆனா வாழாத கட்டில் வசந்தி அது. உனக்கே புரியும்."

உன் கட்டில் உனக்கே தெரியும். தாத்தா உன் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த தேக்கு. தலைமாட்டில் இரண்டு அன்னம். சீர் போன அதே சாமான்கள், கட்டிலும் பீரோவும் கண்ணாடி மேசையும், ஒரு குட்டியானை வண்டியில் நம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். எனக்கு ஏழு வயசு. வீடு மாறுகிறாய் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினேன்.

அத்தை கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் உனக்காக அதிகம் அழுதது அத்தைதான். கட்டில் மாறினால்தான் தொட்டில் வரும் என்பது அவர் கணக்கு. பெண்ணைப் பெற்றவர் பயப்படுகிறார். அதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்த மெசேஜைக் கேட்டபின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க அண்ணி" என்று பதில் அனுப்பினாள். அப்பா, "வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில போட்டா யாராவது எடுத்துப்பாங்க" என்றார். அவ்வளவுதான். இந்த வீட்டில் ஒன்பது வருஷம் உன்னைத் தாங்கிய கட்டில் வெள்ளிக்கிழமை வரை நேரம் வாங்கிக்கொண்டு நின்றது.

நான் சும்மா இருப்பேனா? "தேக்கு சந்தைக்குப் போகுது, பலகை வீட்டுக்கு வருது. நம்ம குடும்பத்துக்கு நல்ல பிசினஸ் மூளை" என்றேன். அப்பா பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அம்மா, "உன் வாயைக் கொஞ்சம் மூடு கயல்" என்றாள். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

பெயிண்டர் ஏழுமலை அண்ணன் வந்து சுவரைச் சுரண்டி பட்டி பார்க்க ஆரம்பித்தார். சுவரில் பட்டி, ஹாலில் பட்டிமன்றம். தலைப்பு: என்ன கலர் அடிப்பது? அம்மாதான் ஆரம்பித்தாள். "கட்டில்தான் போகுது. சுவராவது அவளுக்குப் பிடிச்ச கலரா இருக்கட்டும்."

"நீலம்" என்றார் அப்பா உடனே. "எப்பப் பாரு நீலச் சுடிதார்தானே."

"அது யூனிஃபார்முங்க. சானடோரியத்துல அவ வேலை பாத்த கம்பெனில குடுத்தது" என்றாள் அம்மா. "பச்சைதான். பச்சைப் புடவை கட்டிக்கிட்டுதான் எல்லா விசேஷத்துக்கும் வருவா."

"அது நீ கட்டிப் பழசாக்கிக் குடுத்த புடவைம்மா" என்றேன் நான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப நீ சொல்லு. நீதானே அவளோட எந்நேரமும் ஒட்டிக்கிட்டு இருப்ப."

ஊதா என்று வாயெடுத்தேன். உன் நகத்தில் எப்போதும் ஊதா நெயில் பாலிஷ்தானே. சொல்வதற்கு முன்னால் ஞாபகம் வந்துவிட்டது. அதை வாங்கியது நான். உன் கையை இழுத்து வைத்துப் பூசிவிட்டதும் நான். நீ கையை நீட்டினாய், அவ்வளவுதான்.

அப்புறம் ஆளாளுக்குத் தேடினோம். உன் ஸ்கூட்டர் சாம்பல் கலர். அதை நீயே உன் சம்பளத்தில் வாங்கினாயே என்று அம்மா ஆசையாகச் சொன்னாள். அன்றைக்கு உன்னோடு கடைக்கு வந்தது நான். ஸ்டாக்கில் உடனே கிடைத்தது அந்தக் கலர்தான். உன் டூத்பிரஷ், குடும்ப பாக்கெட்டில் நாங்கள் மூன்று பேரும் எடுத்தபின் மிச்சம் இருந்தது. உன் போர்வை, மாமா வீட்டு விசேஷத்தில் வந்தது. அம்மா போனில் போட்டோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொரு போட்டோவிலும் நீ சிரித்துக்கொண்டு, யாரோ கொடுத்த கலரைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். பாதி படங்களில் ஓரத்தில், பாதி உடம்போடு.

ஏழுமலை அண்ணன் கையில் பட்டித் தகட்டோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, கலர் சொன்னாதானே நான் கடைக்குப் போவ முடியும். சுவுரு வெள்ளையா காஞ்சிகினு கீது. கல்யாணத்துக்குக் கூட இவ்ளோ யோசிக்க மாட்டாங்கோ."

"யோசிக்காம பண்ணதாலதான் அண்ணா இந்த ரூமே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நீ இருந்தால் சிரித்திருப்பாய். உன்னைப் பற்றிய ஜோக்குக்கு இந்த வீட்டில் முதலில் சிரிப்பது நீதானே.

ஞாயிற்றுக்கிழமை கட்டில் பார்க்க வேளச்சேரி ரோட்டில் ஒரு ஃபர்னிச்சர் கடைக்குப் போனோம். அப்பா, அம்மா, நான். கடைக்காரப் பையன் ரொம்ப மரியாதை. "யாருக்கு மேடம்? பசங்களுக்கா, உங்களுக்கா?"

"கெஸ்ட் ரூமுக்கு" என்றாள் அம்மா.

அவன் எங்களைக் கடையின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெலிதான கட்டில், மேலே ஒட்டிய மரக் கலர் தாள். "கெஸ்ட் ரூம்னா இது போதும் மேடம். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி யாராச்சும் வருவாங்க, போவாங்க."

அம்மா உள்ளங்கையால் பலகையை அழுத்திப் பார்த்தாள். கிறீச் என்றது. "தினம் படுத்தா?"

"தினம்னா தாங்காது மேடம். கெஸ்டுக்கு ஓகே."

அம்மா கையை எடுக்கவில்லை. "எங்க வீட்டு கெஸ்ட் ஒன்பது வருஷம் தினம் படுத்தாங்க தம்பி" என்றாள்.

"பெரிய சைஸ் காட்டட்டுமா மேடம்?" என்றான் பாவம். அம்மா அதற்குள் வாசலை நோக்கி நடந்துவிட்டாள். காரில் வரும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா இரண்டு தடவை கண்ணாடியில் என்னைப் பார்த்தார், உடம்பு சரியில்லையோ என்று.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் அம்மா அத்தைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான். நான் ஒட்டுக் கேட்கவில்லை, இந்தத் தடவை.

"கட்டில் அமைஞ்சுதா வசந்தி?"

"இல்ல அண்ணி. சுமதி கட்டில்தான் இருக்கும். மாத்தல."

"என்ன வசந்தி இது. நான் அவ்ளோ சொல்லியும்."

"வாழாத கட்டில்னு சொன்னீங்க."

"மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு நான் சொல்லல. புள்ளைங்க நல்லா இருக்கணும்."

"தெரியும் அண்ணி. கோவமா பேசல நான். ஆனா நீங்க இதைக் கேக்கணும். அந்தாளு வீட்டுல, இதே கட்டில்ல, அவ ஒரு ராத்திரி கூட முழுசா தூங்கல. என்கிட்ட மட்டும்தான் சொன்னா. இங்க வந்து கட்டிலை மாட்டிப் படுத்தவ, மறுநாள் மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. நான் பயந்துபோயி மூக்குல கை வச்சுப் பாத்தேன். அதுக்கப்புறம் வேலைக்குப் போனா, வண்டி வாங்கினா, இந்தக் கழுதையோட சேந்து வீட்டையே தலைகீழா ஆக்கினா. அவ வாழ்ந்ததே அந்தக் கட்டிலுக்கு இங்க ஒரு இடம் கெடைச்சப்புறம்தான். அதை வாழாத கட்டில்னு நீங்க சொன்னப்ப நான் சரின்னு அனுப்பினேன் பாருங்க, அதான் எனக்கு ஆறல."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"மெத்தையாவது புதுசு போடுவியா?"

"போடறேன் அண்ணி."

அவ்வளவுதான் சித்தி. உன் கட்டில் சந்தைக்குப் போகவில்லை. கழுதை என்று சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கட்டில் நின்றது. கலர்தான் முடிவாகவில்லை. ஏழுமலை அண்ணன் மறுநாள் காலையில் வந்து, இன்றைக்காவது சொல்வீர்களா என்று கேட்டார். அப்பா எதையாவது முடிவு செய்துவிட வேண்டும் என்று, "நீலமே அடிச்சிடலாம், சுமதிக்குப் பிடிச்சதுன்னு வச்சுக்கலாம்" என்றார்.

"வேணாங்க" என்றாள் அம்மா. "நாமளா ஒண்ணை அடிச்சுட்டு, வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் இது சுமதிக்குப் பிடிச்ச கலர்னு சொல்லிட்டு இருக்க என்னால முடியாது. இருந்தப்ப ஒருத்தரும் கேக்கல. இப்ப கேட்ட மாதிரி நடிக்கக் கூடாது."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "சரி, உனக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எனக்கா?"

"இல்ல, பக்கத்து வீட்டுப் பூனைக்கு. உனக்குத்தாம்மா."

"எதுவா இருந்தா என்ன. அழுக்கு தெரியாம இருந்தா சரி."

"அது கலர் இல்லம்மா. அது துடைப்பத்தோட கவலை. உனக்கு என்ன பிடிக்கும்?"

அம்மா குழாயைத் திறந்தாள், மூடினாள். எதற்குத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. உன்னைப் பற்றித்தான் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு எதிரில் நிற்கிறவளிடமும் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் பதில் எடுத்துக் கொடுக்கவில்லை. ஜோக்கும் அடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தேன். ஏழுமலை அண்ணன் டீ குடிக்கிற மாதிரி வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது தானாகச் சொன்னாள். "மாந்துளிர்."

காலேஜ் படிக்கும்போது தாம்பரத்தில் ஒரு ஜவுளிக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்த புடவையாம். மாமரத்தில் புதுசாக விடுகிற இலை இருக்கிறதே, சிவப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் பளபளவென்று, அந்தக் கலர். வாங்கவில்லை. வேண்டும் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. "சுவத்துக்கு ரொம்ப அடிக்குமோ?" என்றாள்.

"அடிக்கும்."

"அடிக்கட்டும்."

பெயிண்ட் கம்பெனி அட்டையில் மாந்துளிர் என்று ஒன்றும் இல்லை. நானும் அம்மாவும் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வீட்டு மாமரத்தில் துளிர் ஒன்றைக் கேட்டுப் பறித்துக்கொண்டு கடைக்குப் போனோம். நான் பறித்துவிட்டுக் கேட்டேன், அம்மா கேட்டுவிட்டுப் பறித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை வைத்து மெஷினில் கலந்து கொடுத்தார்கள். கட்டில் தலைமாட்டுச் சுவர் மட்டும் அந்தக் கலர். அப்பா பார்த்துவிட்டு, "துரு பிடிச்ச கேட்டு மாதிரி இருக்கு" என்றார். அம்மா கேட்டுக்கொண்டு சிரித்தாள். இரண்டு அன்னமும் அந்தச் சுவருக்கு முன்னால் நன்றாகத்தான் இருக்கின்றன.

திவ்யா அக்காவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். விருந்து பலம். மறுநாள் காலை டிபன் ஆறிப்போனது, கதவு திறக்கவில்லை. அம்மா மூன்று தடவை கதவு வரைக்கும் போய்த் திரும்பினாள். கடைசியில் திவ்யா அக்கா தலையைக் கோதிக்கொண்டு வந்து, "அலாரம் அடிச்சுது அத்தை, எந்திரிக்கத்தான் மனசு வரல" என்றாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டே இட்லியை விழுங்கினார்.

அவர்கள் கிளம்பியபின் அத்தையிடமிருந்து போன். அம்மா ஜெயித்த குரலில் பேசவில்லை. "நல்லாத் தூங்கினாங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

"நல்லது வசந்தி" என்றார் அத்தை. வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "சுமதி... அங்க நல்லாத்தானே தூங்கினா?"

"தூங்கினா அண்ணி."

இரண்டு பேரும் போனில் அழுதார்கள். நான் உன் ரூமுக்குள் போய் புது மெத்தையில் படுத்துக்கொண்டேன். முதுகுக்கு நன்றாக இருக்கிறது. நீ படுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி நிற்கிறது. மாந்துளிர் அம்மாவுடையது. உன்னுடையது எது என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. கண் இமைக்காமல் புளுகுவதில் இந்தத் தாம்பரம் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பயிற்சி கொடுத்ததே நீதான். 'சித்திக்குக் கத்தரிப்பூ கலர்னா உயிர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் வருஷ திதிக்குள் எல்லாருக்கும் அது ஞாபகமே வந்துவிடும். நீ கத்தரிப்பூ கலரில் பாவாடை கட்டி ஓடியதைப் பார்த்ததாக மாமா சொல்வார்.

சொல்ல மாட்டேன் சித்தி. உன் மேல் சத்தியம். யாரை வேண்டுமானாலும் ஏமாற்றுவேன், உன்னை நானாக இட்டுக்கட்ட மாட்டேன். யாராவது கேட்டால், தெரியாது என்பேன். கேட்காமல் விட்டுவிட்டோம் என்பேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறினாலும், ஜோக் அடித்துச் சமாளிக்க மாட்டேன்.

முறைப்படியும், நீ முறைத்தாலும்,
உன் மகள்தான்,
கயல்